என் பெயரில் வேறொருவர்: வாசகர் கேள்வி, வக்கீல் பதில்

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து மேசையில் அடுக்கும்போதே தெரிந்துவிட்டது. குடியாத்தம், காட்பாடி, அணைக்கட்டு, ஆற்காடு என்று ஊர்தான் வேறு, கேட்டிருப்பது ஒரே விஷயம். என் ஆதாரை, என் பான் கார்டை, செத்துப்போன எங்கள் அப்பாவின் பெயரை யாரோ எடுத்துப் பயன்படுத்திவிட்டார்கள், சட்டத்தில் இதற்கு என்ன வழி? சரி, மற்ற கேள்விகள் அடுத்த இதழுக்குப் போகட்டும், இந்தப் பக்கம் முழுவதும் இதற்கே. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டில் இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. இந்த மாதிரி வழக்குகளில் கஷ்டப்பட்டவர்களில் பாதிப்பேர் 'நாமதான் ஒண்ணும் பண்ணலையே, நமக்கு எதுக்கு ஸ்டேஷன்' என்று பேசாமல் இருந்ததால்தான் மாட்டினார்கள். உங்கள் பெயரில் ஒரு தப்பு நடந்திருந்தால் காகிதத்தில் குற்றவாளி நீங்கள்தான். அந்தக் காகிதத்துக்கு எதிராக நீங்களும் தேதி போட்ட ஒரு காகிதம் வைத்திருக்க வேண்டும், அதுவும் சீக்கிரம். கேள்வி கேட்டவர்களின் பெயர், எண் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன்.

வக்கீலம்மா, எங்கள் அம்மா பீடி சுற்றுகிறார். ஒரு நாளைக்கு எழுநூறு, எண்ணூறு பீடி முடிப்பதே பெரிய விஷயம். போன மாதம் முழுக்க இங்கிலீஷில் ஒரு கவர் வந்தது. பக்கத்துத் தெரு வாத்தியார் படித்துவிட்டு, அம்மா பெயரில் சென்னையில் ஒரு இரும்புக் கம்பெனி இருப்பதாகவும் ஜி.எஸ்.டி. பாக்கி 1 கோடிக்கு மேல் என்றும் சொன்னார். மூன்று நான்கு வருடத்துக்கு முன்னால் லோன் வாங்கித் தருகிறேன் என்று தெருவுக்கு வந்த ஒருவர் ஆதார், பான், போட்டோ எல்லாம் வாங்கினார், போனுக்கு வந்த ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கினார், ஆளுக்கு 1,000 ரூபாயும் கொடுத்தார். ஸ்டேஷனில் ஜி.எஸ்.டி. ஆபீசுக்குப் போ என்கிறார்கள், அங்கே ஸ்டேஷனுக்குப் போ என்கிறார்கள். அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. ஜெயிலில் போடுவார்களா?
குடியாத்தம் வாசகர்

தம்பி, இதைப் படித்ததும் முதலில் அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கள். வந்திருப்பது வரி நோட்டீஸ். யாரையும் பிடித்துக்கொண்டு போவதற்கான உத்தரவு இல்லை அது. ஆனால் அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடவும் கூடாது. என்னிடம் இதே மாதிரி வந்த ஒரு அம்மா, நோட்டீசை பீடி முறத்துக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். கவரைப் பிரித்தால் மேசையெல்லாம் புகையிலைத் தூள். தேதியைப் பார்க்கிறேன், வந்து நாலு மாதம் ஆகியிருக்கிறது, பயத்தில் வீட்டுக்காரரிடம்கூடக் காட்டவில்லை. பதில் வராததால் அதற்குள் துறை உத்தரவே போட்டுவிட்டது. நோட்டீசுக்குப் பதில் எழுதுவது ஒரு நாள் வேலை. உத்தரவு வந்த பிறகு மேல்முறையீடு என்றால் 3 மாதக் கெடு, தகுந்த காரணம் காட்டினால் கூட 1 மாதம், அதற்கப்புறம் உயர் நீதிமன்றம்தான் கதி என்று ஆகிவிடும்.

உங்கள் அம்மா பெயரை வைத்து என்ன செய்திருப்பார்கள் என்று சொல்கிறேன், புரிந்தால் பயம் பாதி போகும். இதை பில் வியாபாரம் என்பார்கள். அம்மாவின் பான் கார்டை வைத்து ஒரு கம்பெனியைப் பதிவு செய்வார்கள், பொருளே இல்லாமல் இரும்பு விற்றதாக பில் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள், அந்த பில்லை வாங்குகிறவன் 'நான் ஏற்கெனவே வரி கட்டிவிட்டேன்' என்று தன் வரியில் கழித்துக்கொள்வான். உண்மையில் யாரும் ஒரு பைசா கட்டியிருக்க மாட்டார்கள். துறை கணக்குப் பார்த்து வரும்போது பில் போட்ட கம்பெனியின் சொந்தக்காரர் என்று உங்கள் அம்மா பெயர் நிற்கும், போட்டவன் சிம்மை உடைத்துப் போட்டுவிட்டுப் போயிருப்பான். வட ஆற்காட்டில் பீடித் தொழிலாளிகளும், ஷூ கம்பெனிக்குப் போகிற பெண்களும்தான் இவர்களுக்கு வசதி. லோன் என்றால் நம்புவார்கள், இங்கிலீஷ் கடிதம் வந்தால் படிக்க மாட்டார்கள் என்ற கணக்கு. இதை நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது.

இப்போது வேலை. முதலில் நோட்டீஸ் நிஜம்தானா என்று பாருங்கள், ஏனென்றால் போலி நோட்டீஸ் அனுப்பி மிரட்டிப் பணம் கேட்கிறவர்களும் உண்டு. மத்திய வரித் துறை அனுப்பும் நோட்டீசில் ஆவண அடையாள எண் ஒன்று இருக்கும், துறையின் இணையதளத்தில் போட்டால் உண்மையா பொய்யா என்று காட்டிவிடும். அப்புறம் ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பான் எண்ணை வைத்துத் தேடும் வசதி இருக்கிறது, அதற்கு லாகின் எதுவும் தேவையில்லை. அம்மாவின் பானைப் போட்டுப் பாருங்கள், எந்தெந்த மாநிலத்தில் எத்தனை பதிவு என்று வரும். ஒன்று என்று நினைத்துப் போனவர்களுக்கு மூன்று இருந்ததைப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது இல்லாத பதிவைக் காட்டி 'இது நான் எடுத்ததல்ல' என்று அதே இடத்திலேயே புகார் கொடுக்கலாம். வருவதையெல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது போலீஸ் புகார். 'கம்பெனி சென்னையில இருக்கு, அங்க போய்க் குடு' என்று சொன்னால் கேட்காதீர்கள். குற்றம் எங்கே நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவிலேயே இருக்கிறது. அப்படியும் வாங்கவில்லை என்றால் அதே பிரிவின்படி மாவட்ட எஸ்.பி.க்கு எழுத்தில் தபாலில் அனுப்புங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட் முன்பு மனு. வேலூர் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கும் போகலாம், ஓ.டி.பி. வாங்கி நடந்த மோசடி என்பதால் அவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. எங்கே கொடுத்தாலும், புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் வாங்காமல் வெளியே வராதீர்கள்.

புகாரில் அந்த 1,000 ரூபாயை மறைக்க வேண்டாம். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் மறைக்கிறார்கள். லோன் முன்பணம் என்று சொல்லிக் கொடுத்தார்கள், வாங்கினேன், கம்பெனி தொடங்குவதற்கு என்று யாரும் சொல்லவில்லை என்று நடந்ததை நடந்தபடி எழுதச் சொல்லுங்கள். ஏமாற்றுக் குற்றத்துக்கு நேர்மையில்லாத எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும், ஆயிரம் ரூபாய்க்கு ஏமாந்த ஒருவருக்கு அந்த எண்ணம் இருந்ததாகச் சொல்வது கஷ்டம். மறைத்துவிட்டு நாளைக்கு அதே தெருவில் இன்னொருத்தர் வாயால் அது வெளியே வந்தால், அப்போதுதான் சிக்கல்.

அந்தப் புகாரின் நகல், பீடித் தொழிலாளி அடையாள அட்டை, பாஸ்புக் நகல் எல்லாவற்றையும் சேர்த்து, நோட்டீஸ் அனுப்பிய அதிகாரிக்குக் கெடு தேதிக்குள் பதில் அனுப்புங்கள். தபாலில் அனுப்பினால் ஒப்புகையோடு, இணையத்தில் கொடுத்தால் ஒப்புகை எண்ணோடு. எழுத வக்கீலுக்குப் பணம் இல்லை என்று நிற்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் போதும், போனில் கேட்க 15100. அப்புறம், உங்கள் தெருவில் அந்த ஆளிடம் ஆதார் கொடுத்த மற்ற பெண்கள் எத்தனை பேர்? அவர்களுக்குக் கவர் இன்னும் வராமல் இருக்கலாம், அவர்கள் பான் எண்ணையும் இன்றைக்கே தேடிப் பாருங்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரே ஆள் மேல் புகார் கொடுத்தால் அதற்கு இருக்கும் பலம் தனி.

ஆள்மாறாட்டத்துக்கு 420 தானே? புதுச் சட்டத்தில் என்ன எண், எவ்வளவு தண்டனை?
ஆற்காடு வாசகர்

420 என்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏமாற்றிப் பொருளைப் பறிப்பதற்கான பிரிவு, 7 வருடம் வரை. ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தனியாக 419 இருந்தது, அதில் 3 வருடம் வரைதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்தபிறகு 420 இருந்த இடத்தில் 318(4), 419 இருந்த இடத்தில் 319. ஆள்மாறாட்டத்துக்கான தண்டனையை 3 வருடத்திலிருந்து 5 வருடம் வரை என்று கூட்டியிருக்கிறார்கள். ஆனால் குற்றம் நடந்த தேதிதான் கணக்கு. 2024 ஜூலைக்கு முன்னால் நடந்தது என்றால் இன்றைக்குப் புகார் கொடுத்தாலும் பழைய பிரிவுதான் போடுவார்கள். மேலே குடியாத்தம் வழக்கில் ஆதாரை வாங்கியது பழைய சட்டக் காலத்தில், பில் போட்டது அதற்கப்புறமும் தொடர்ந்திருந்தால் இரண்டு சட்டமும் வரும்.

319-இல் எனக்குப் பிடித்த ஒரு வரி உண்டு, பழைய சட்டத்திலும் அது அப்படியே இருந்தது. யாராக நடித்தானோ அந்த ஆள் நிஜமாக இருந்தாலும் சரி, கற்பனையாக இருந்தாலும் சரி, குற்றம் குற்றம்தான். 'பேங்க் மேனேஜர் பேசுறேன்' என்று ஒருவன் போன் செய்கிறான், அப்படி ஒரு மேனேஜர் உலகத்திலேயே இல்லை, அதற்காக அவன் தப்பிக்க முடியாது. இறந்துபோனவராக நடித்தாலும் அப்படித்தான், சட்டத்திலேயே அதை உதாரணமாகக் கொடுத்திருக்கிறார்கள்.

போனிலோ கம்ப்யூட்டரிலோ நடந்தால் 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டம் சேரும். அடுத்தவருடைய பாஸ்வேர்டு, மின்னணுக் கையெழுத்து, அவருக்கே உரிய வேறு அடையாளம் எதையாவது நேர்மையில்லாமல் பயன்படுத்தினால் 66சி, கம்ப்யூட்டர், போன் வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றினால் 66டி. இரண்டுக்கும் 3 வருடம் வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். இந்த இரண்டும் 2008 திருத்தத்தில்தான் உள்ளே வந்தன, அதற்கு முன் அடையாளத் திருட்டு என்ற பெயரிலேயே ஒரு பிரிவு நம்மிடம் இல்லை. போலீஸ் அதிகாரியாகவோ சி.பி.ஐ. அதிகாரியாகவோ நடித்து எதையாவது செய்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 204-வது பிரிவு, அதில் குறைந்தபட்சமே 6 மாதம், அதிகபட்சம் 3 வருடம். வீடியோ காலில் காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டுகிறார்களே, அவர்களுக்கும் இது பொருந்தும். அப்படி ஒரு கைது நம் நாட்டுச் சட்டத்தில் எங்கேயும் கிடையாது. போனை வைத்துவிட்டு சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அடியுங்கள்.

ஒரு விஷயம் வக்கீல்களே சில சமயம் மறப்பது. 3 வருடம் வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு வழக்கைக் கோர்ட் எடுத்துக்கொள்ள 3 வருடக் கெடு இருக்கிறது. 66சி மட்டும் போட்டு இழுத்தடித்தால் கெடு போய்விடும். 319, 318(4) மாதிரி 3 வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள பிரிவுகளுக்கு அந்தக் கெடு இல்லை. எஃப்.ஐ.ஆர். நகல் வாங்கும்போது என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

மேடம், நான் காட்பாடியில் காலேஜ் மூன்றாம் வருடம். சீனியர் ஒருவர் சொன்னதால் ஒரு பேங்க் அக்கவுண்ட் திறந்து, ஏ.டி.எம். கார்டு, சிம் எல்லாம் அவரிடம் கொடுத்தேன். 5,000 ரூபாய் கொடுத்தார். இப்போது அக்கவுண்டை முடக்கிவிட்டார்கள், வேறு மாநில போலீசிடமிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. என் ஆதாரைத் தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று புகார் கொடுக்கலாமா?
காட்பாடி வாசகர்

தம்பி, உங்களுக்கு ஆறுதலாக எதையாவது சொல்ல ஆசைதான், ஆனால் அது உங்களுக்கு உதவாது. குடியாத்தம் அம்மாவுக்கும் உங்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. அவருக்குத் தெரியாமல் எடுத்தார்கள், நீங்கள் தெரிந்து கொடுத்தீர்கள். ஐந்தாயிரம் ரூபாய்க்கு ஒரு அக்கவுண்டை எதற்கு ஒருவன் வாடகைக்கு எடுப்பான் என்று போலீஸ் கேட்கும், 'தெரியாது சார்' என்ற பதில் ஒரு காலேஜ் பையனிடமிருந்து வந்தால் அதை அவ்வளவு சுலபமாக நம்ப மாட்டார்கள். யாரோ ஒருவர் வாழ்நாள் சேமிப்பை ஏமாந்து அனுப்பிய பணம் உங்கள் கணக்கு வழியாகத்தான் போயிருக்கும். ஏமாற்றுக்குக் கூட்டு, திருட்டுச் சொத்து என்று தெரிந்தும் வாங்கியது என்று பிரிவுகள் வரக்கூடும்.

அதனால் 'ஆதாரைத் திருடிவிட்டார்கள்' என்று பொய்ப் புகார் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அது இன்னொரு குற்றம். அந்த நோட்டீஸ் பெரும்பாலும் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் வந்திருக்கும், முன்பு 41ஏ என்று சொன்னதுதான். அதற்கு ஆஜராகி ஒத்துழைத்தால் பொதுவாகக் கைது செய்யக் கூடாது, எழுத்தில் காரணம் பதிவு செய்தால்தான் முடியும். ஆஜராகாமல் போனை அணைத்து வைத்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும். வீட்டில் சொல்லுங்கள், இன்றைக்கே. அப்பா திட்டுவார், திட்டட்டும். ஒரு வக்கீலைப் பார்த்து முன்ஜாமீன் தேவையா என்று முடிவு செய்யுங்கள். சீனியரோடு பேசிய வாட்ஸ்அப், அந்த 5,000 எப்படி வந்தது என்ற விவரம், அக்கவுண்ட் ஸ்டேட்மெண்ட் எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். யார் வாங்கினார், யாரிடம் கொடுத்தார் என்று நீங்கள் சொன்னால்தான் உங்கள் நிலை ஏமாந்த பையன் என்ற பக்கம் கொஞ்சம் நகரும்.

சிம் விஷயம் தனி. 2023-ஆம் ஆண்டு தொலைத்தொடர்புச் சட்டத்தில் மோசடி செய்தோ ஆள்மாறாட்டம் செய்தோ சிம் வாங்கினால் 3 வருடம் வரை சிறை அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். உங்கள் ஆதாரில் நீங்களே வாங்கியதால் அந்தப் பிரிவு நேராக வராமல் போகலாம், ஆனால் அந்த எண்ணிலிருந்து நடந்ததற்கெல்லாம் முதல் கேள்வி உங்களிடம்தான். சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் பெயரில் எத்தனை எண் ஓடுகிறது என்று பார்க்கலாம், உங்களுடையது இல்லாததை அங்கேயே துண்டிக்கச் சொல்லலாம். நம் மாநிலத்தில் ஒருவருக்கு 9 சிம்தான் அனுமதி. உங்கள் ஹாஸ்டலில் இன்னும் யாரிடமெல்லாம் இந்தச் சீனியர் பேசினார் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

எங்கள் அப்பா 2016-இல் இறந்துவிட்டார். அணைக்கட்டு பக்கம் அவர் பெயரில் 1 ஏக்கர் 20 சென்ட். பட்டா மாற்றப் போனபோது 2021-இல் அப்பாவே நேரில் வந்து விற்றதாகப் பத்திரம் இருக்கிறது. என்ன செய்வது?
அணைக்கட்டு வாசகர்

முதலில் அந்தப் பத்திரத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள் ஐயா. வாங்கும்போது மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இப்படி ஒரு வழக்கில் என் கட்சிக்காரர் நகலை வாங்கிப் பார்த்துவிட்டு என் ஆபீஸ் வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பத்திரத்தில் ஒட்டிய போட்டோவில் யாரோ ஒரு கிழவர், நெற்றியில் விபூதி, தோளில் துண்டு, கீழே என் கட்சிக்காரரின் அப்பா பெயர். ஐந்து வருடத்துக்கு முன்னால் கொள்ளி வைத்த மகன் அதைப் பார்க்கிறார். பக்கத்தில் கைரேகை. அந்தக் கைரேகைதான் கடைசியில் வழக்கையே காப்பாற்றியது, ஏனென்றால் பதிவு அலுவலகத்தில் கைரேகைப் பதிவேடு வைத்திருப்பார்கள், அப்பா உயிரோடு இருந்தபோது போட்ட பழைய பத்திரத்தின் ரேகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

உங்கள் வழக்கில் இறப்புச் சான்றிதழே பெரிய சாட்சி. நடந்தது 2021 என்பதால் பழைய சட்டம். 419, 420 இவற்றோடு போலி ஆவணத்துக்கான 467, 468, 471 சேரும். 467 என்பது உயில், கிரையப் பத்திரம் மாதிரி மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாகத் தயாரிப்பது, அதற்கு 10 வருடம் வரை அல்லது ஆயுள் தண்டனைகூட உண்டு. 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டத்தின் 82-வது பிரிவும் இருக்கிறது, பதிவு அதிகாரி முன் வேறொருவராக நடித்தால் 7 வருடம் வரை. வந்து நின்ற கிழவர் மட்டும் இல்லை, 'இவர் இன்னார்தான், எனக்குத் தெரியும்' என்று சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரையும் புகாரில் சேருங்கள். பெரும்பாலும் உண்மை அவர்கள் வாயிலிருந்துதான் வரும், அவர்கள் உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள். புகார் மாவட்டக் குற்றப்பிரிவில், அங்கே நில அபகரிப்பைப் பார்க்கிற பிரிவிடம்.

போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்று தமிழ்நாட்டில் 77-ஏ என்ற பிரிவைக் கொண்டுவந்து 2022-இல் நடைமுறைப்படுத்தினார்கள், எத்தனையோ குடும்பங்கள் அதை நம்பி மனு போட்டன. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு அரசியல் சாசனப்படி செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அதனால் பதிவாளரிடம் மனு போட்டுவிட்டோம், பார்த்துக்கொள்வார்கள் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். சிவில் கோர்ட்டில் அந்தப் பத்திரம் செல்லாது, சொத்து எங்களுடையது என்று வழக்குப் போட வேண்டும், உங்களுக்கு விஷயம் தெரியவந்த நாளிலிருந்து 3 வருடக் கெடு. மோசடி வழக்கில் எதிரிக்குத் தண்டனை கிடைத்தாலும் நிலம் தானாக உங்கள் பெயருக்கு வராது, இரண்டு வழக்கும் இணையாக ஓட வேண்டும். தாசில்தாரிடம் பட்டா மாற்றத்துக்கு ஆட்சேபணை மனுவும் கையோடு கொடுத்துவிடுங்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு: வெளியூரில் இருக்கிறவர்கள், வயதானவர்கள் பெயரில் சொத்து இருக்கிறவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் பாருங்கள். காசு கிடையாது, பத்து நிமிடம்.

பெரிய ஆஸ்பத்திரி பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்காளம், ஜார்க்கண்ட் என்று எங்கெங்கிருந்தோ வருகிறவர்கள் லாட்ஜில் கொடுக்க ஆதார் நகல் எடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் போகிறார்கள். நாளைக்கு அதில் ஏதாவது மோசடி நடந்தால் என்னைப் பிடிப்பார்களா?
வேலூர் வாசகர்

இப்படி ஒரு கேள்வி ஒரு கடைக்காரரிடமிருந்து வந்தது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நகல் எடுத்துக் கொடுப்பது குற்றம் இல்லை. ஆனால் உங்கள் கம்ப்யூட்டரின் முகப்புத் திரையை ஒருமுறை கண் எடுக்காமல் பாருங்கள். நான் ஒரு கடையில் பார்த்தேன், திரை முழுக்க அடுத்தவர்களுடைய ஆதார், போன வருடத்தது வரைக்கும். சாயங்காலம் கடை மூடுவதற்கு முன் டவுன்லோட் போல்டரையும் ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யுங்கள், வாட்ஸ்அப் வெப்பில் வந்ததை அழியுங்கள். சரியாக விழாத நகலைக் கசக்கிக் கூடையில் போட்டால் அது பழைய பேப்பரோடு போய் போண்டா மடிக்க வருகிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன், எண் முழுசாகத் தெரிந்தது. கிழித்துப் போடுங்கள்.

உங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு இடத்தில். 'அண்ணா, பிறந்த தேதியை மட்டும் மாத்திக் கொடுங்க', 'அட்ரஸ் மட்டும் மாத்திக் கொடுங்க' என்று கேட்பார்கள், ஸ்கேன் செய்த ஆதாரில் நாலு எழுத்தை மாற்றுவது இரண்டு நிமிட வேலை, ஐம்பது ரூபாய். புதுச் சட்டத்தின் 337-வது பிரிவில் அரசு வழங்கும் அடையாள ஆவணம் என்று சொல்லி வாக்காளர் அட்டை, ஆதார் இரண்டையும் பெயர் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள், போலியாகத் தயாரித்தால் 7 வருடம் வரை. கேட்டவன் போய்விடுவான், எடிட் செய்த பைல் உங்கள் கம்ப்யூட்டரில் இருக்கும். தெரிந்தவர், பாவம், பிள்ளை ஸ்கூல் சேர்க்கை என்று எது சொன்னாலும் செய்யாதீர்கள்.

வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: நகலின் குறுக்கே 'லாட்ஜ் அறைக்காக மட்டும்' என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். முதல் எட்டு எண் மறைத்த ஆதாரையும் டவுன்லோட் செய்யலாம். கைரேகையை வைத்துப் பணம் எடுக்கும் மோசடிக்குப் பயப்படுகிறவர்கள் ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கலாம், ரேஷன் கடைக்கோ வங்கிக்கோ போகும்போது திறந்துகொள்ளலாம்.

என் தங்கை போட்டோவைப் போட்டு யாரோ இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கி எல்லோரிடமும் பேசுகிறார்கள்.
வாலாஜா வாசகர்

முதலில் அந்தக் கணக்கின் முகவரியையும் படங்களையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அப்புறம்தான் புகார். நிறையப் பேர் அவசரத்தில் முதலில் கணக்கை முடக்க வைத்துவிட்டு, போலீசிடம் காட்ட ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். 2021-இல் வந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஆள்மாறாட்டக் கணக்கு, மார்பிங் படம் பற்றிப் பாதிக்கப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ புகார் கொடுத்தால் அந்த நிறுவனம் 2 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும், 2026 பிப்ரவரித் திருத்தத்துக்கு முன்னால் இது 24 மணி நேரமாக இருந்தது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, பெயரைக் கெடுக்கும் நோக்கத்தோடு போலி ஆவணம் தயாரிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 336(4) இரண்டும் பொருந்தும், படம் ஆபாசமாக இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-வது பிரிவும். தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெண்களுக்கெதிரான குற்றத்துக்குத் தனிப் பகுதி இருக்கிறது. தங்கையைத் திட்டாதீர்கள். போட்டோ வைத்திருந்தது அவள் தப்பு இல்லை.

என் ஓட்டை வேறு யாரோ போட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று பூத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரியா?
அரக்கோணம் வாசகர்

சரியில்லை. நீங்கள்தான் நீங்கள் என்று அதிகாரிக்குத் திருப்தியாகக் காட்டினால் டெண்டர் ஓட்டு போட உங்களுக்கு உரிமை உண்டு, தேர்தல் நடத்தை விதிகளில் 49பி (இங்கிலீஷில் 49P). இயந்திரத்தில் விடமாட்டார்கள், காகிதச் சீட்டு கொடுத்து உறையில் வைப்பார்கள். கேட்டு வாங்க வேண்டும். உங்கள் ஓட்டைப் போட்டவனுக்கு 1 வருடம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும்.

கடைசியாக, பேரணாம்பட்டிலிருந்து எழுதிய அம்மாவுக்கு. உங்கள் கேள்விக்குப் பதிலைத் தனியாகத் தபாலில் அனுப்புகிறேன். கடிதத்தோடு முழு ஆதார் நகல், பான் நகல், பாஸ்புக் முதல் பக்கம் மூன்றையும் வைத்து அனுப்பியிருந்தீர்கள், மூன்றையும் கிழித்துவிட்டேன். பத்திரிகைக்கு எழுதும்போது அவை எதுவும் தேவையில்லை அம்மா, ஊர் பெயர் மட்டும் போதும்.